விடுதி வாழ்வும் உடல் எடையும்

தரம் 13, உயிரியல் பிரிவு

தவணை விடுமுறைக்கு வீடு செல்லும் விடுதி மாணவியைக் கண்டதும் நம்மவர்கள் சொல்வது பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகவே இருக்கும். "என்ன மகள், இப்படிக் காஞ்சு போயிட்டீங்க?" என்பது ஒன்று. "என்ன மகள், நல்லாப் பெருத்துட்டீங்க போல?" என்பது மற்றையது. முதலாவதைக் கேட்டவளுக்கு அன்று பகலே கோழிக்கறி கிடைக்கும். இரண்டாவதைக் கேட்டவளோ விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பியதும் இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிடுவாள்.

இரவுச் சாப்பாட்டை நிறுத்திய மாணவி மெலிகிறாளா? பெரும்பாலும் இல்லை. இரண்டு வாரம் குறையும், மூன்றாவது வாரம் கூடும். இடையில் தலைச்சுற்றும், எரிச்சலும், படித்தது மனதில் நில்லாத கவலையும் வந்து சேரும். உயர்தரப் பரீட்சைக்குத் தயாராகும் வயதில் இது சிறிய விடயமல்ல. ஆகவே, விடுதியில் எடை ஏன் கூடுகிறது, அதைக் குறைப்பது ஏன் கடினமாக இருக்கிறது, உடல் ஏற்றுக்கொள்ளும் வழி எது என்பவற்றை மாணவிகளும் பெற்றோரும் சேர்ந்து விளங்கிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தில் இக்கட்டுரை எழுதப்படுகிறது.

விடுதியில் எடை கூடுவது ஏன்?

முதற் காரணம் நடை. எங்கள் தெமோதரையில் சமதரை என்பது அரிது. கடைக்குப் போனாலும், குர்ஆன் மத்ரஸாவுக்குப் போனாலும், பஸ் பிடிக்கப் போனாலும் ஒன்றில் ஏற வேண்டும், அல்லது இறங்க வேண்டும். பதுளை, எல்ல, ஹாலி-எல, பண்டாரவளைப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் இது பொருந்தும். உடற்பயிற்சி என்று பெயர் வைக்காமலே நாள்தோறும் மலையேறிய கால்கள் அவை. விடுதிக்கு வந்தபின் படுக்கை மண்டபம், சாப்பாட்டு மண்டபம், வகுப்பறை, தொழுகை அறை என நான்கு இடங்களுக்குள் நாள் முடிந்துவிடுகிறது. சாப்பாடு அதே அளவில் இருக்க நடை மட்டும் குறைந்தால், மிஞ்சும் சக்தியை உடல் கொழுப்பாகச் சேமிக்கிறது.

இரண்டாவது காரணம் தட்டின் சேர்க்கை. நூற்றுக்கணக்கானோருக்குச் சமைக்கும் எந்தச் சமையலறையிலும் சோறு, பாண், இடியப்பம், நூடில்ஸ் ஆகியவை தாராளமாக இருக்கும். மரக்கறியும் மீனும் முட்டையும் அளவோடுதான் இருக்கும். பசியை நீண்ட நேரம் தாங்குவது புரதமும் நார்ச்சத்தும். அவை குறைந்து காபோவைதரேற்று கூடும்போது, வயிறு நிறைய உண்டவளுக்கும் இரண்டு மணி நேரத்தில் மீண்டும் பசிக்கிறது. ஒரு றாத்தல் பாணின் நிறை 450 கிராம். அதில் கால்வாசி சாப்பிட்டால் ஏறக்குறைய 300 கிலோகலோரி. அதே பாணைப் பருப்பும் அவித்த முட்டையும் சேர்த்து உண்பவளுக்கு இடைவேளை வரை பசி தாங்கும். சீனிச் சம்பலோடு மட்டும் உண்பவளுக்குத் தாங்காது.

மூன்றாவது காரணம் சீனி. இதைச் சிறு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறக்குறைய 5 கிராம். ஒரு நாளைக்கு நான்கு கோப்பைத் தேநீர், கோப்பைக்கு இரண்டு கரண்டி என்றால் 40 கிராம். தொண்ணூறு நாள் தவணையில் இது 3,600 கிராம். அதாவது தேநீரால் மாத்திரம் ஒரு தவணையில் மூன்றரைக் கிலோவுக்கு மேல் சீனி உடலுக்குள் போகிறது. அதன் சக்தி 14,400 கிலோகலோரி. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கிலோகலோரி இருப்பதாகக் கணிக்கப்படுகிறது. உடல் தன்னைச் சரிசெய்துகொள்ளும் இயல்புடையதால் இது அப்படியே இரண்டு கிலோ கொழுப்பாக மாறிவிடாது. ஆயினும் எடை எங்கிருந்து வருகிறது என்பதற்கு இந்தக் கணக்கு போதுமான விளக்கம். உலக சுகாதார ஸ்தாபனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, சேர்க்கப்படும் சீனி நாளாந்தச் சக்தியில் 10 வீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். 5 வீதத்துக்குக் குறைவாக, அதாவது ஏறக்குறைய 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. நமது நான்கு கோப்பைகள் அதைத் தாண்டிவிட்டன.

நான்காவது காரணம் தூக்கம். இதைப் பலர் காரணமாகவே எண்ணுவதில்லை. இரவு பன்னிரண்டு வரை படித்து, அதிகாலை நாலரைக்கு எழும் மாணவி நாலரை மணி நேரமே தூங்குகிறாள். நமது வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் தேவை என்பது மருத்துவர்களின் கருத்து. 2004இல் சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆரோக்கியமான 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே படுக்கையில் இருக்கச் செய்து அவர்களின் இரத்தத்தைப் பரிசோதித்தனர். போதும் என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற ஓமோன் 18 வீதம் குறைந்திருந்தது. பசிக்கிறது என்று சொல்லும் கிரெலின் 28 வீதம் கூடியிருந்தது. அவர்கள் அதிகம் விரும்பியது இனிப்பும் உப்புச் சிற்றுண்டியும் மாச்சத்தும் நிறைந்த உணவுகளை. நள்ளிரவில் பிஸ்கட் பைக்கற்றைத் தேடும் கை பேராசையால் மட்டும் நீளவில்லை என்பது இதனால் விளங்கும்.

ஐந்தாவது காரணம் மனம். வீட்டு நினைவு, பரீட்சைப் பயம், தோழியோடு சிறு மனத்தாங்கல் எல்லாவற்றுக்கும் விடுதியில் கைக்கெட்டும் ஆறுதல் அலுமாரிக்குள் இருக்கும் உணவுப் பொதிதான். உம்மா அனுப்பிய முறுக்கை உண்ணும்போது ஒரு பிள்ளை முறுக்கை மட்டும் உண்பதில்லை, வீட்டையும் சேர்த்தே உண்கிறாள்.

இது நமக்கு மட்டும் உரிய பிரச்சினையல்ல. ஐக்கிய அமெரிக்காவில் பல்கலைக்கழகத்தில் சேரும் முதலாண்டு மாணவர் 15 இறாத்தல், அதாவது ஏழு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக, எடை கூடுவர் என்று ஒரு பேச்சு உண்டு. அதற்கு 'ஃப்ரெஷ்மன் ஃபிஃப்டீன்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் பார்த்தபோது, முதலாண்டில் கூடும் சராசரி எடை ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு என்றே தெரிந்தது. இதிலிருந்து இரண்டு விடயங்களைக் கற்கலாம். வீட்டை விட்டுப் பிரிந்து படிக்கும் பிள்ளையின் எடை கூடுவது உலகெங்கும் நடக்கிறது. ஆனால் அது பேச்சில் வரும் அளவுக்குப் பெரிதல்ல.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

எடையைக் குறைக்கத் தொடங்குமுன், குறைக்கத்தான் வேண்டுமா என்று கேட்க வேண்டும்.

உடற்திணிவுச் சுட்டி என்பதை நாம் வகுப்பில் கற்றிருக்கிறோம். எடையைக் கிலோகிராமில் எடுத்து, உயரத்தை மீற்றரில் எடுத்து அதன் வர்க்கத்தால் வகுப்பது. 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியம் நாட்டுக் கணிதவியலாளர் அடொல்ப் கெட்டலே வகுத்த விகிதம் இது. வளர்ந்தோருக்கு 18.5 முதல் 24.9 வரை இயல்பு. ஆசிய மக்களுக்கு நீரிழிவு போன்ற நோய்கள் குறைந்த எடையிலேயே வருவதால் 23க்கு மேல் கவனம் தேவை என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழு 2004இல் கூறியது. ஆனால் 19 வயது வரையுள்ள நம்மை இந்த எண்களைக் கொண்டு நேரடியாக அளப்பது சரியல்ல. வயதுக்கும் பாலுக்கும் ஏற்ற தனி வளர்ச்சி வரைபடம் 2007 முதல் உண்டு. அதில் வைத்தே பார்க்க வேண்டும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். 155 சென்ரிமீற்றர் உயரமுள்ள மாணவி ஒருத்தி சாதாரண தரத்தின்போது 46 கிலோ இருந்தாள், இப்போது 52 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஆறு கிலோ கூடியதென்று அவள் கலங்குவாள். கணக்குப் போட்டால் அவளது சுட்டி 19.1இலிருந்து 21.6 ஆகியிருக்கிறது. இரண்டுமே இயல்பானவை. பெண் பிள்ளையின் உடல் இவ்வயதில் இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பைச் சேர்ப்பது இறைவன் வகுத்த வளர்ச்சியின் பகுதி. அது நோயல்ல, குற்றமும் அல்ல.

பாடசாலை மருத்துவப் பரிசோதனை தரம் 1, 4, 7, 10 ஆகிய வகுப்புகளிலேயே நடைபெறுகிறது. அதன் பின் உயர்தர மாணவியை எவரும் முறையாக நிறுத்துப் பார்ப்பதில்லை. நிறுவையும் அளவுநாடாவும் விட்ட இடத்தைக் கண்ணாடியும் தோழிகளின் கேலியும் பிடித்துக்கொள்கின்றன. இவை இரண்டும் நம்பத்தக்க அளவுகோல்கள் அல்ல.

ஒரே மாவட்டத்தில் இரண்டு குறை

எடையைப் பற்றி ஊவாவில் பேசும்போது மறக்கக்கூடாத ஓர் உண்மை உண்டு. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய 17 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமற்றவர்கள். தோட்டத்துறையில் மட்டும் எடுத்தால் அது ஏறக்குறைய 32 வீதம். அதே ஆய்வில், திருமணமான 15 முதல் 49 வயதுப் பெண்களில் ஏறக்குறைய 45 வீதத்தினர் அதிக எடையோ உடற்பருமனோ உடையவர்கள். ஒரு புறம் போதாமை, மறுபுறம் மிகுதி. போஷாக்கு அறிஞர்கள் இதை இரட்டைச் சுமை என்கிறார்கள்.

இவ்விரண்டும் தனித்தனியானவை அல்ல. கருவில் போதிய போஷாக்கின்றிக் குறைந்த நிறையில் பிறந்த பிள்ளை, பின்னாளில் விரைவாக எடை கூடினால் நீரிழிவுக்கும் இருதய நோய்க்கும் அதிகம் ஆளாகிறது என்பதை இங்கிலாந்தின் பேராசிரியர் டேவிட் பார்க்கர் எடுத்துக்காட்டினார். மெலிந்து பிறக்கும் இந்தியக் குழந்தைகளின் உடலிலும் கொழுப்பின் பங்கு கூடுதலாக இருப்பதைப் பூனா நகரில் வைத்தியர் யாஜ்னிக் குழுவினர் கண்டனர். கொழுந்துக் கூடையைச் சுமந்து சரிவில் நாள் முழுதும் ஏறியிறங்கிய தாயின் உடலுக்கும், வகுப்பிலும் விடுதியிலும் அமர்ந்திருக்கும் மகளின் உடலுக்கும் ஒரே அளவு சோறு பொருந்தாது. மகள் படிக்க வேண்டும், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் வாழ்க்கை மாறும்போது தட்டும் மாற வேண்டும்.

பட்டினி ஏன் தோற்கிறது?

விடுதிகளில் எடை குறைக்க மாணவிகள் முதலில் கையாளும் வழி பட்டினிதான். காலையில் வெறும் தேநீர், பகலில் இரண்டு அகப்பைக்குப் பதில் அரை அகப்பை, இரவில் ஒன்றுமில்லை. இதன் விளைவை உலகம் ஏற்கெனவே பார்த்துவிட்டது.

1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்ற அறிஞர் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். போரினால் பட்டினி கிடந்த மக்களுக்கு எவ்வாறு மீண்டும் உணவளிப்பது என்று அறிவதே அதன் நோக்கம். தாமாக முன்வந்த 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு 24 வாரங்கள் பாதியளவு உணவே, ஏறக்குறைய 1,570 கிலோகலோரி, கொடுக்கப்பட்டது. அவர்கள் தம் எடையில் ஏறக்குறைய கால்பங்கை இழந்தனர். அதோடு நிற்கவில்லை. இருதயத் துடிப்பு மெதுவானது. எப்போதும் குளிர்ந்தது. சிரிப்பு மறைந்தது. பாடத்தில் மனம் ஒன்றவில்லை. உணவைத் தவிர வேறெதையும் நினைக்க முடியாமல் சிலர் சமையற் புத்தகங்களைச் சேகரிக்கத் தொடங்கினர். பரிசோதனை முடிந்தபின் பலர் வயிறு நிறைந்தும் நிறுத்த முடியாமல் உண்டனர். இழந்த கொழுப்பு முன்பிருந்ததை விடவும் கூடுதலாகத் திரும்பியது.

அவர்கள் மனவுறுதி அற்றவர்கள் அல்லர். உடல் அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. உணவு குறைந்ததும் அதைப் பஞ்ச காலம் என்றே உடல் எண்ணுகிறது. செலவைச் சுருக்குகிறது, பசியைக் கூட்டுகிறது. பகல் முழுதும் பட்டினி கிடந்து இரவில் ஒரு பிஸ்கட் பைக்கற் முழுவதையும் முடித்துவிட்டு அழும் தோழியை விடுதி மாணவிகள் பலரும் பார்த்திருப்போம். அவளிடம் "உனக்குக் கட்டுப்பாடு இல்லை" என்று சொல்வது அநியாயம். அவள் தோற்றது தன் ஆசையிடம் அல்ல. ஓர் உயிரைக் காப்பாற்ற முயலும் அவளது உடலிடம்தான் தோற்றாள்.

அதே மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பிற்காலத்தில் பேராசிரியை டயான் நியூமார்க்-ஸ்டெய்னர் குழுவினர் ஆயிரக்கணக்கான பாடசாலை மாணவ மாணவியரை ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்தனர். பட்டினி போன்ற தவறான முறைகளில் எடை குறைக்க முயன்றவர்கள், முயலாதவர்களை விட ஐந்தாண்டின் பின் அதிக எடையுடையோராக இருக்கும் வாய்ப்பே கூடுதலாக இருந்தது.

பெண் பிள்ளைகளுக்கு இதில் மேலதிக இழப்பும் உண்டு. மாதாந்தம் இரத்தம் இழக்கும் உடலுக்கு இரும்புச்சத்து தேவை. பட்டினியால் குருதிச்சோகை வரும். மாதவிடாய் தள்ளிப்போகும், சிலருக்கு நின்றும்விடும். வாழ்நாள் முழுவதற்குமான எலும்பின் வலிமையில் ஏறக்குறைய 90 வீதம் பதினெட்டு வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. இப்போது சேராத கல்சியத்தை ஐம்பது வயதில் தேடினால் கிடைக்காது. உடலின் சக்தியில் ஏறக்குறைய ஐந்திலொன்றை மூளையே பயன்படுத்துகிறது. அந்த மூளையைப் பட்டினி போட்டுக்கொண்டு இரசாயனவியலில் 'ஏ' சித்தி எதிர்பார்ப்பது எப்படி?

தெமோதரைச் சுற்றுப்பாதை சொல்லும் பாடம்

எங்கள் ஊரைத் தேடி இன்று உலகின் பல நாடுகளிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். 1921இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தையும், தெமோதரை நிலையத்தின் சுற்றுப்பாதையையும் பார்க்கவே அவர்கள் வருகிறார்கள். 1924இல் புகையிரதம் பதுளையை எட்டுவதற்கு இந்த மலைதான் பெருந்தடையாக இருந்தது. மேலிருந்து கீழுக்கு இருந்த உயர வேறுபாட்டை நேரே இறங்கினால் புகையிரதம் தாங்காது. ஆகவே பாதையை மலையைச் சுற்றி வளைத்து மெல்ல இறக்கி, அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தினூடாக வெளியே கொண்டுவந்தார்கள். கங்காணி ஒருவர் தலைப்பாகையைச் சுற்றிக் கட்டுவதைப் பார்த்தே இந்த யோசனை பிறந்தது என்று ஒரு கதையும் ஊரில் உண்டு.

எடையும் அப்படித்தான் இறங்க வேண்டும். சுற்றிப் போவது நேர விரயம் போலத் தோன்றும். ஆனால் நேரே இறங்கியவர்கள் ஊர் போய்ச் சேரவில்லை. உண்மையிலேயே எடை அதிகமான மாணவிக்கும் மாதம் ஒரு கிலோ குறைந்தால் அதுவே நல்ல வேகம். பலருக்கு எடை மேலும் கூடாமல் நிற்பதே போதுமான வெற்றி.

விடுதிக்குள் செய்யக்கூடியவை

விடுதி மாணவிக்குச் சமையலறை கையில் இல்லை. பணமும் அளவோடுதான். எனவே, ஓட்ஸும் ஒலிவ் எண்ணெயும் வாங்கச் சொல்லும் ஆலோசனைகளால் பயனில்லை. இருப்பதைக் கொண்டே செய்யக்கூடியவை இவை:

1. சீனியைப் படிப்படியாகக் குறையுங்கள். இரண்டு கரண்டியை ஒன்றரையாக்கி இரண்டு வாரம், ஒன்றாக்கி இரண்டு வாரம். நாக்கு பழகிவிடும். ஊவாத் தேயிலையின் மணத்தை உலகம் விலை கொடுத்து வாங்குகிறது. நாமோ அதைச் சீனியில் மூழ்கடிக்கிறோம்.

2. காலை உணவை விடாதீர்கள். பாணோ இடியப்பமோ எதுவாயினும் பருப்பு, முட்டை, கடலை, கௌபி, நெத்தலி ஆகியவற்றில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. பகற் சாப்பாட்டில் முதலில் கீரைச் சுண்டலையும் மரக்கறியையும் வைத்து, தட்டில் பாதியை அவற்றால் நிரப்பி, பிறகு சோற்றை வையுங்கள். வல்லாரை, கங்குன், முருங்கையிலை, போஞ்சி, கோவா எதுவும் விலகாது தட்டில் இருக்கட்டும். இரண்டாம் முறை சோறு வாங்குமுன் பத்து நிமிடம் பொறுத்திருங்கள். வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேர நேரம் எடுக்கும்.

4. உணவோடு தேநீர் வேண்டாம். அதிலுள்ள தனின் இரும்புச்சத்தை உறிஞ்ச விடாது. ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். மாறாக, தேசிக்காயோ நெல்லிக்காயோ கொய்யாப்பழமோ உணவோடு சேர்ந்தால் அதிலுள்ள விற்றமின் சி இரும்புச்சத்தை உறிஞ்ச உதவும்.

5. போத்தல் பானங்களின் நிறக்குறியைப் பாருங்கள். 2016 ஆகஸ்ட் முதல் இலங்கையில் இது கட்டாயம். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2க்குக் குறைந்தால் பச்சை. சிவப்புக் குறியுள்ள 400 மில்லிலீற்றர் போத்தலில் குறைந்தது 44 கிராம் சீனி உண்டு. அது ஏறக்குறைய ஒன்பது தேக்கரண்டி.

6. உடலை அசையுங்கள். நம் வயதினருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட அசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். அதை ஒரே தடவையில் செய்ய வேண்டியதில்லை. வீதியில் ஓட நமக்கு வசதியில்லை என்பது உண்மை. ஆனால் சுற்றுமதிலுக்குள் கயிறடிக்கலாம், வலைப்பந்து ஆடலாம், மாடிப்படி ஏறலாம், குறுங்குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தே பாடமாக்கலாம். அரை மணி நேர விறுவிறுப்பான நடையில் செலவாவது 100 கிலோகலோரி அளவில்தான். ஆகவே நடந்துவிட்டேன் என்று இரண்டு ரோல்ஸ் உண்ண வேண்டாம். நடையின் பெரிய பயன் தூக்கமும் தெளிந்த மனமும்.

7. தூங்குங்கள். பன்னிரண்டு மணியை பத்தரையாக்குங்கள். விடிய எழும்பிப் படித்த ஒரு மணி நேரம், தூங்கி வழிந்த இரண்டு மணி நேரத்தை விடச் சிறந்தது.

8. ஒவ்வொரு நாளும் நிறுத்துப் பார்க்காதீர்கள். நீரினாலும் மாதவிடாயினாலும் எடை ஒன்று முதல் இரண்டு கிலோ வரை ஏறியிறங்கும். மாதம் ஒருமுறை போதும்.

நோன்பு காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நோன்பு இபாதத். அதை மெலிவதற்கான வழியாகக் கொள்வது அதன் நோக்கத்தையே மாற்றிவிடும். நோன்பு திறந்ததும் எண்ணெயில் பொரித்த சமோசாவும் கட்லட்டும் சீனிப் பானமும் வயிற்றை நிரப்பினால் எடை கூடவே செய்யும். பேரீச்சம்பழம், தண்ணீர், நோன்புக் கஞ்சி என்று தொடங்கி, தொழுதுவிட்டு அளவோடு உண்பதே உடலுக்கு உகந்தது. வயிற்றை மூன்று பங்காகப் பிரித்து உணவுக்கு ஒரு பங்கே ஒதுக்கச் சொன்ன நபிமொழியை நாம் சிறு வயதிலேயே கற்றோம். அதை ஆண்டு முழுதும் கடைப்பிடித்தால் தனியாக ஒரு டயட் தேவையில்லை.

வாங்கக்கூடாதவை

மெலிவதற்கென விற்கப்படும் மாத்திரைகளும் 'ஸ்லிம்மிங் டீ'களும் இன்று கைத்தொலைபேசி விளம்பரங்கள் வழியாக நம்மை வந்தடைகின்றன. இயற்கை மூலிகை என்று எழுதியிருக்கும். பல நாடுகளில் இத்தகைய பொருட்களைப் பரிசோதித்தபோது சிபுட்ரமின் என்ற மருந்து அவற்றில் மறைவாகக் கலக்கப்பட்டிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. இருதய நோயும் பாரிசவாதமும் ஏற்படும் அபாயத்தால் 2010இலேயே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பனையிலிருந்து நீக்கப்பட்ட மருந்து அது. வேறு சில தேநீர்களில் வயிற்றோட்டம் உண்டாக்கும் சென்னா இலை இருக்கும். குறைவது நீர், கொழுப்பல்ல. தண்ணீர் குடித்ததும் எடை திரும்பும்.

பெற்றோருக்கு

அன்பின் உம்மாமாரே, வாப்பாமாரே! எடை பற்றிய கேலி பிள்ளையை மெலிய வைப்பதில்லை. முன்னர் கூறிய நியூமார்க்-ஸ்டெய்னரின் ஆய்வில், எடைக்காகக் கேலி செய்யப்பட்ட பிள்ளைகளிடமே பட்டினியும் அளவின்றி உண்பதும் கூடுதலாகக் காணப்பட்டன. "தடிச்சி" என்று செல்லமாக அழைப்பதாக நீங்கள் நினைக்கலாம். அந்தச் சொல் விடுதியின் இரவில் பிள்ளையோடு படுத்திருக்கும். திருமணப் பேச்சையும் எடையையும் சேர்த்துப் பேசுவது அதைவிடக் கனமானது. பரீட்சைக்கு ஆறு மாதம் இருக்கும் பிள்ளை சுமக்க வேண்டிய பாரம் அதுவல்ல.

நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி அந்த உணவுப் பொதியில் இருக்கிறது. பிஸ்கட், நூடில்ஸ், தகரப்பால், தொதல் நிறைந்த பொதியில் உங்கள் அன்பு இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. அந்த அன்பு வறுத்த கச்சானாகவும், அவித்த கடலையாகவும், பேரீச்சம்பழமாகவும், வெலிமடைப் பக்கத்துக் கரட்டாகவும், தோட்டத்துக் கொய்யாவாகவும், வாழைப்பழமாகவும் வரலாம். தொதல் வேண்டவே வேண்டாம் என்பதல்ல. பத்துத் துண்டுக்குப் பதில் மூன்று துண்டு வரட்டும். அதைத் தோழிகளோடு பகிர்ந்துண்போம். விடுமுறையில் எல்லோரும் ஒரே சவனில் அமர்ந்து உண்பதும், வீட்டிலுள்ள அனைவரும் சீனியைக் குறைப்பதும் பிள்ளைக்கு மட்டும் தனி உணவு வைப்பதை விடப் பலன் தரும்.

எப்போது வைத்தியரிடம் செல்ல வேண்டும்?

மாதவிடாய் ஒழுங்கில்லாமல் எடை கூடினால், முகத்தில் முடி வளர்ந்தால், கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்தால், எப்போதும் குளிரும் களைப்பும் இருந்தால் அது சூலகத்தின் பி.சி.ஓ.எஸ். நிலையாகவோ தைரொயிட் குறைபாடாகவோ இருக்கலாம். அதை உணவால் மட்டும் சரிசெய்ய முடியாது. அருகிலுள்ள அரச வைத்தியசாலையில் இரத்தப் பரிசோதனை செய்யலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உண்டதை வேண்டுமென்றே வாந்தி எடுப்பது, பல நாட்கள் உணவைத் தவிர்ப்பது, எலும்பு தெரிந்தும் தான் பருமன் என்று நம்புவது ஆகியவை பிடிவாதமல்ல, நோய். தோழி ஒருத்தியிடம் இவற்றைக் கண்டால் இரகசியம் காப்பது நட்பல்ல. விடுதிப் பொறுப்பாசிரியையிடமோ அவளது தாயிடமோ சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்திலும் தமிழில் பேசி ஆலோசனை கேட்கலாம்.

நிறைவாக

சகோதரிகளே, இந்த உடல் நம்மிடம் தரப்பட்ட அமானிதம். அதை அளவுக்கு மீறி ஊட்டுவதும் அமானிதத்துக்குச் செய்யும் குறை. பட்டினி போட்டு வதைப்பதும் அவ்வாறே. நாம் வீட்டை விட்டு வந்தது மெலிவதற்காக அல்ல, படிப்பதற்காக. எடை கூடியிருந்தால் மெல்ல இறக்குவோம். கூடாதிருந்தால் கண்ணாடியின் பேச்சைக் கேளாதிருப்போம். இன்று பகல் சாப்பாட்டு மண்டபத்துக்குச் செல்லும்போது இரண்டு விடயங்களை மட்டும் செய்து பாருங்கள்: தட்டில் சோற்றுக்கு முன் சுண்டலை வையுங்கள். சாப்பாட்டை ஒதுக்கிவிட்டுத் தனியே அமர்ந்திருக்கும் தோழியை உங்கள் மேசைக்கு அழையுங்கள்.